காரம் எங்கே போகிறது? – வீட்டில் முதன்முதலாகச் சவர்க்காரம் செய்தல்

சவர்க்காரம் என்ற சொல்லைச் சற்று நிறுத்தி உச்சரித்துப் பாருங்கள். அதன் ஈற்றில் நிற்பது காரம். சவர் என்பது உவர்ப்பு. கிணற்றுத் தண்ணீர் சவர் என்று கடலோர ஊர்களில் இன்றும் சொல்கிறோம். நாளொன்றுக்குப் பல தடவை கையில் எடுக்கும் பொருளின் பெயரிலேயே அது எதிலிருந்து பிறந்தது என்பது எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் காரம் சாதாரணமான பொருளன்று. கடைகளில் அதன் பெயர் கோஸ்டிக் சோடா. எமது விஞ்ஞானப் பாடநூலில் அதன் பெயர் சோடியம் ஐதரொட்சைட்டு. அடைபட்ட கழிவுநீர்க் குழாய்களைத் திறக்கவும் அது பயன்படுகிறது. ஈரமான தோலில் பட்டால் அரித்துப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடக்கூடும். ஆனால் அதைக்கொண்டு செய்த சவர்க்காரத்தால் நாம் முகம் கழுவுகிறோம், கைக்குழந்தையின் துணியைத் துவைக்கிறோம். அப்படியானால் அந்தக் காரம் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பின்னரே வீட்டில் சவர்க்காரம் செய்ய முற்பட வேண்டும். "ஒரு கோப்பை எண்ணெய், இரண்டு கரண்டி சோடா" என்று அளவு சொல்லும் காணொளிகள் கைத்தொலைபேசியில் வந்துபோகின்றன. அவற்றைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆசை பிறக்கிறது. பக்கத்தில் இருக்கும் உம்மாவுக்குப் பயம் பிறக்கிறது. அந்த ஆசையும் நியாயமானது, அந்தப் பயமும் நியாயமானது. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் தராசு.

விடை: அது இரண்டாகப் பிரிகிறது

தேங்காய் எண்ணெயின் ஒரு மூலக்கூற்றில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசரோல் பகுதியோடு பிணைந்திருக்கின்றன. மூன்று பற்களுடைய சீப்பைப் போல அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். பற்கள் கொழுப்பமிலங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் தண்டு கிளிசரோல்.

சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் இந்த எண்ணெயைச் சந்திக்கும்போது மூன்று பற்களும் ஒவ்வொன்றாகக் கழன்று விடுகின்றன. காரத்திலுள்ள சோடியம் கொழுப்பமிலத்தோடு சேர்கிறது. அதுவே சவர்க்காரம். காரத்தின் மற்றப் பாதியாகிய ஐதரொட்சைட்டு தண்டோடு சேர, கிளிசரோல் விடுதலையாகிறது. தோலுக்கு ஈரலிப்புத் தரும் பொருளாகப் பல களிம்புகளில் சேர்க்கப்படுவது இதே கிளிசரோல்தான். இந்தத் தாக்கத்தைச் சவர்க்காரமாக்கல் என்கிறோம்.

ஆக, காரம் எங்கும் ஓடிவிடவில்லை, ஆவியாகவும் இல்லை. ஒரு பகுதி சவர்க்காரமாகவும் மறு பகுதி கிளிசரோலின் அங்கமாகவும் மாறிவிட்டது. முழுவதும் மாறிய பின் அது கோஸ்டிக் சோடாவே அல்ல. ஆனால் "முழுவதும்" என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எண்ணெய்க்குத் தேவையானதைவிடச் சோடா கூடிவிட்டால், துணை கிடைக்காத சோடா சவர்க்காரக் கட்டிக்குள் அப்படியே ஒளிந்திருக்கும். பார்வைக்கு அது நல்ல சவர்க்காரம் போலவே இருக்கும். தோலில் பட்ட பிறகே உண்மை தெரியவரும்.

கொழுப்பின் இந்த இரகசியத்தைத் தெளிவாக விளக்கியவர் பிரான்சிய இரசாயனவியலாளர் மிசெல் செவ்ரல். 1823ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ஆய்வு நூல், கொழுப்புகள் கொழுப்பமிலங்களாலும் கிளிசரோலினாலும் ஆனவை என்பதை நிலைநாட்டியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மனிதர் சவர்க்காரம் செய்து வந்தனர் என்பதுதான் வியப்பு.

சாம்பலிலிருந்து ஆனையிறவு வரை

கோஸ்டிக் சோடா கடைக்கு வருமுன் காரத்தைத் தந்தது சாம்பல். சாதாரண விறகுச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் பொற்றாசியம் கலந்த காரநீர் கிடைக்கும். அதில் செய்த சவர்க்காரம் கூழாகவே இருக்கும். கடலோர உவர் நிலங்களில் வளரும் சில செடிகளின் சாம்பலில் சோடியம் மிகுந்திருக்கும். அதில் செய்த சவர்க்காரம் கட்டியாக இறுகும். அந்தச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லான "அல்கலீ" என்பதிலிருந்தே காரத்தைக் குறிக்கும் "அல்கலி" என்ற சொல் உலக மொழிகளுக்குச் சென்றது.

பலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் ஒலிவ் எண்ணெய், தண்ணீர், காரம் என்ற மூன்றே பொருள்களால் சவர்க்காரம் செய்யும் மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. பதம் வந்த கலவையைத் தரையில் ஊற்றிப் பரப்பி, வெட்டி, கட்டிகளைக் காற்றுப் புகும் இடைவெளி விட்டுக் கோபுரம்போல் அடுக்கி உலர்த்துகிறார்கள். சிரியாவின் அலெப்போ நகரில் ஒலிவ் எண்ணெயோடு லோரல் எண்ணெயும் சேர்கிறது. அது மாதக் கணக்கில் உலர்கிறது. இவ்விரு கைத்தொழில்களையும் யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு அருவப் பண்பாட்டு மரபுரிமைகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்று கோஸ்டிக் சோடா உப்புநீரை மின்பகுப்புச் செய்து பெறப்படுகிறது. எமது நாட்டிலும் அந்தத் தொழில் நடந்தது. ஆனையிறவு உப்பைக்கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்டிக் சோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. போர் அதை நிறுத்தியது.

கோப்பை ஏன் கூடாது?

கோஸ்டிக் சோடா சில கடைகளில் செதில்களாகவும் சில கடைகளில் மணிகளாகவும் கிடைக்கும். ஒரே கரண்டியில் அள்ளினாலும் இரண்டின் நிறையும் ஒன்றாக இராது. எண்ணெயும் அப்படியே. 500 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயின் நிறை ஏறத்தாழ 460 கிராம்தான். ஆகவே எண்ணெய், தண்ணீர், சோடா மூன்றையும் கிராமில் நிறுத்தே எடுக்க வேண்டும்.

எவ்வளவு எடுப்பது? சாதாரண தர மாணவிகள் இதைத் தாங்களே கணிக்கலாம். சோடியம் ஐதரொட்சைட்டின் மூலர்த் திணிவு 40 கிராம். ஓர் எண்ணெய் மூலக்கூற்றுக்கு அது மூன்று வேண்டும். அதாவது 120 கிராம். தேங்காய் எண்ணெயின் சராசரி மூலர்த் திணிவு ஏறத்தாழ 655 கிராம். 120ஐ 655ஆல் வகுத்தால் 0.183 வரும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெயை முழுவதும் சவர்க்காரமாக்க 0.183 கிராம் சோடா போதும் என்பதே இதன் பொருள். 500 கிராம் எண்ணெய்க்கு 91.5 கிராம்.

ஆனால் நாம் 91.5 கிராம் போடப்போவதில்லை. 73 கிராம் மட்டுமே போடுவோம். 73 கிராம் சோடா 400 கிராம் எண்ணெயோடு தாக்கமடைந்து தீர்ந்துவிடும். மீதி ஏறத்தாழ 100 கிராம் எண்ணெய் எண்ணெயாகவே கட்டிக்குள் இருக்கும். இதனால் இரண்டு நன்மைகள். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் அழுக்கை மிகக் கடுமையாக அகற்றுவதால் தோலை வறட்டும். மிஞ்சிய எண்ணெய் அதைத் தணிக்கும். இரண்டாவது நன்மை முதன்முதலாகச் செய்பவருக்கு முக்கியமானது. தராசு இரண்டு மூன்று கிராம் பிழையாகக் காட்டினாலும் காரம் மிஞ்சாது.

எண்ணெயை மாற்றினால் கணக்கும் மாறும். ஒலிவ் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் கிராமுக்கு ஏறத்தாழ 0.135 கிராம் சோடாவே தேவை. 500 கிராமுக்கு 67.5 கிராம். தேங்காய் எண்ணெய் போதவில்லை என்று சூரியகாந்தி எண்ணெயை எடுத்து அதே 73 கிராம் சோடாவைப் போட்டால் 5.5 கிராம் காரம் துணையின்றி மிஞ்சும். சமையலில் ஓர் எண்ணெய்க்குப் பதில் இன்னோர் எண்ணெயை ஊற்றலாம். இங்கே ஊற்றக்கூடாது.

வேண்டிய பொருள்கள்

தேங்காய் எண்ணெய் – 500 கிராம்
கோஸ்டிக் சோடா – 73 கிராம்
கொதிக்கவைத்து நன்கு ஆறிய தண்ணீர் – 190 கிராம்

இவ்வளவுதான். முதல் தடவை நிறமோ வாசனையோ சேர்க்க வேண்டாம். சில வாசனைத் திரவியங்கள் கலவையை ஒரு நொடியில் கல்லாக இறுகச் செய்துவிடும்.

கோஸ்டிக் சோடா வாங்கும்போது உறையைப் படியுங்கள். சோடியம் ஐதரொட்சைட்டு மட்டுமே இருக்க வேண்டும். குழாய் அடைப்பு நீக்கும் தூள்கள் சிலவற்றில் அலுமினியத் துகள்கள் கலந்திருக்கும், அவை ஆகா. அதே காரணத்தால் அலுமினியச் சட்டி, கரண்டி எதையும் பயன்படுத்தக்கூடாது. காரம் அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை வெளியேற்றும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எனப்படும் துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரம் நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் உள்ள தடித்த பிளாஸ்டிக் குவளையும் ஆகும். கண்ணாடிப் பாத்திரம் வெப்பத்தில் வெடிக்கக்கூடும். இதற்கென ஒதுக்கிய பாத்திரங்களில் பின்னர் சமைக்க வேண்டாம்.

கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, றப்பர்க் கையுறை, கண்ணை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முட்டை அடிக்கும் கம்பி அல்லது கைப்பிடியுள்ள மின்கலக்கி, எண்ணெய்க் கடதாசி விரித்த ஐஸ்கிறீம் பெட்டி ஆகியனவும் வேண்டும்.

தொடங்குமுன்

காரக் கரைசலைக் கையாளும் பகுதியை வளர்ந்த ஒருவர் செய்ய வேண்டும், அல்லது அவர் அருகிலிருந்து பார்க்க வேண்டும். நிறுப்பதும் கணிப்பதும் எண்ணெயைக் கலக்குவதும் மாணவியின் பங்காகலாம். சின்னத் தம்பி தங்கைகளும் பூனையும் அந்தப் பக்கம் வராத நேரத்தைத் தெரிந்தெடுங்கள். நீண்ட கைச்சட்டை, மூடிய செருப்பு அணியுங்கள்.

தோலில் காரம் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். காரத்தை நடுநிலையாக்கலாம் என்று தோலில் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ ஊற்றக்கூடாது. கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து அதேபோல் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கரைசலைக் குடிக்கும் குவளையிலோ குளிர்பானப் போத்தலிலோ ஒரு நிமிடம்கூட வைக்க வேண்டாம். தண்ணீர் என்று நினைத்து ஒரு பிள்ளை எடுத்துவிட அந்த ஒரு நிமிடம் போதும்.

செய்முறை

முதலில் காற்றோட்டமான இடத்தில், முற்றத்திலோ விறாந்தையிலோ, நிறுத்த தண்ணீரைக் குவளையில் வையுங்கள். 73 கிராம் சோடாவை அதில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். தண்ணீருக்குள் சோடா போக வேண்டும்; சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் திடீர் வெப்பத்தால் கரைசல் பொங்கித் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் தானாகவே 80 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறக்கூடும். அடுப்பு இல்லாமலே சுடுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். எழும் ஆவியை மட்டும் சுவாசிக்காமல் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். கரைசல் தெளிந்த பின் பத்திரமான இடத்தில் ஆறவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகும். கரையோர ஊர்களில் அது நீர்மமாகவே இருக்கும், நுவரெலியாவில் உறைந்திருக்கும். எங்கிருந்தாலும் எண்ணெயை 40 பாகையளவுக்கு இளஞ்சூடாக்குங்கள். கரைசலும் அதே அளவுக்கு ஆறியதும் அதை எண்ணெய்க்குள் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள்.

முதலில் கலவை மங்கலாகும், பிறகு பால்போல் வெளுக்கும், மெல்லத் தடிக்கும். நோன்புக் கஞ்சி ஆறும்போது மேலே தடிப்பு வருமே, அந்தப் பதத்தை எதிர்பாருங்கள். கம்பியைத் தூக்கினால் வழியும் துளி கலவையின்மேல் உடனே மறையாமல் சற்று நேரம் கோடாக நிற்க வேண்டும். மின்கலக்கியால் சில நிமிடங்களில் இப்பதம் வரும். கையால் கலக்கினால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பதம் வருமுன் ஊற்றிவிட்டால் எண்ணெய் தனியாகவும் கரைசல் தனியாகவும் பிரிந்துவிடும். அக்காவும் தங்கையும் மாறி மாறிக் கலக்குவதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

பதம் வந்ததும் பெட்டியில் ஊற்றி மூடி, ஒரு துவாயால் போர்த்துங்கள். உள்ளே தாக்கம் தொடர்வதால் பெட்டி மீண்டும் சூடாகும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் விரைவில் கல்லாக இறுகும். எனவே மறுநாள்வரை காத்திராமல், 6 முதல் 12 மணி நேரத்துக்குள், சீஸ் கட்டிபோல் உறுதியானதும் வெட்டிவிட வேண்டும். பிந்தினால் கத்தி பட்டதும் உதிர்ந்து உடையும். வெட்டும்போதும் கையுறை வேண்டும். இந்த நேரத்தில் காரம் முழுவதும் தீர்ந்திராது. ஏழு எட்டுக் கட்டிகள் கிடைக்கும். பாத்திரங்களை ஒரு நாள் அப்படியே விட்டால் ஒட்டியிருப்பதும் சவர்க்காரமாகிவிடும். பின்னர் இலகுவாகக் கழுவலாம்.

காத்திருத்தல்

வெட்டிய கட்டிகளை ஒன்றோடொன்று தொடாமல், நிழலில், காற்றுப் படும் தட்டில் நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்களில் தாக்கம் பெரும்பாலும் முடிந்துவிடும். மீதிக் காலத்தில் தண்ணீர் ஆவியாகிறது, கட்டி இறுகுகிறது, மென்மை கூடுகிறது. திகதியை ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

ஆறு வாரம் கழித்துச் சோதனை. கட்டியின்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஆய்வுகூடத்தில் உள்ள பீ.எச். தாளை அதில் தொடுங்கள். சவர்க்காரத்தின் இயல்பான பெறுமானம் 9 முதல் 10 வரை. 11ஐத் தாண்டினால் அந்தக் கட்டியைத் தோலுக்குப் பயன்படுத்தக்கூடாது. மேற்பரப்பில் மெல்லிய வெண்துகள் படிந்திருந்தால் அஞ்ச வேண்டாம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு காரம் சேர்ந்து உண்டான சோடியம் காபனேற்று அது, துடைத்தால் போய்விடும். கட்டியின் உள்ளே நீர்த் துளிகள் தேங்கியிருந்தால், அல்லது எண்ணெய் பிரிந்திருந்தால், அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். "வீணாகிவிடுமே" என்று பயன்படுத்திப் பார்ப்பது சிக்கனம் ஆகாது.

நன்றாக வந்த கட்டியை முதலில் கைகழுவும் இடத்தில் வையுங்கள். யாழ்ப்பாணம், புத்தளம், மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கிணறுகளின் தண்ணீரில் கல்சியம் மிகுந்திருப்பதால் பல சவர்க்காரங்கள் நுரைக்காமல் படிவாகிவிடுகின்றன. தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் அங்கும் ஓரளவு நன்றாக நுரைக்கும். கடல்நீரிலும் நுரைக்கும் என்பதால் இதைக் கப்பலோட்டிகளும் பயன்படுத்தினர்.

உறையைப் படிக்கும் கண்

இதைச் செய்து முடித்த மாணவி கடைச் சவர்க்காரத்தின் உறையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். சோடியம் பாமேட் என்றால் பாம் எண்ணெயும் காரமும். சோடியம் கொக்கோவேட் என்றால் தேங்காய் எண்ணெயும் காரமும். சோடியம் டலோவேட் என்றால் விலங்குக் கொழுப்பும் காரமும். அது எந்த விலங்கு, எப்படிப் பெறப்பட்டது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. எமது வீடுகளில் அக்கேள்வி முக்கியமானது. கேட்பதற்கு முதலில் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். "இரசாயனம் கலவாத சவர்க்காரம்" என்ற விளம்பரத்தைக் கண்டாலும் அவள் ஏமாற மாட்டாள். காரமின்றிப் பிறந்த சவர்க்காரம் இல்லை. நன்கு செய்த சவர்க்காரத்தில் காரம் மிஞ்சுவதும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். தடுக்கப்பட்ட ஆசை, உங்களுக்குத் தெரியாமல், தராசும் கையுறையும் இல்லாமல் அரங்கேறக்கூடும். அதைவிட, ஒரு விடுமுறை நாளில் அவளிடம் கணக்கைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். 500 கிராமுக்கு ஏன் 73 கிராம் என்று அவள் சரியாக விளக்கினால், கண்ணாடியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு நீங்களும் அவள் பக்கத்தில் நில்லுங்கள். விளக்க முடியாவிட்டால் சோடாவைப் பூட்டிவைத்துவிட்டு, பாடநூலைத் திறந்து இருவருமாகப் படியுங்கள். சோடா அலுமாரியிலேயே இருக்கும். அவசரம் ஒன்றும் இல்லை.